வரைபடத்தை அச்சில் வரும் அளவிலேயே வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருளில் ஆய்வேடும் கட்டுரையும் எழுதும் நண்பர்களுக்குப் படங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது எனக்கு வழக்கம். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. எழுத்து ஏன் இவ்வளவு பொடியாகிவிட்டது, இரண்டு படமும் ஏன் ஒரே மாதிரி இல்லை, எந்த எண்ணை எங்கே போடுவது? தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லேடெக், பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் சார்ந்தவை. படம் வரைய ஆர், க்னூபிளாட் பயன்படுத்துபவர்களுக்கும் தனிக் கேள்விகள் உண்டு. கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படியே எழுதியிருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக வரைந்துவிட்டு, உள்ளே வைக்கும்போது சுருக்கிக்கொண்டால் போதாதா? இதற்கு எதற்கு இத்தனை கணக்கு?

சுருக்கும்போது படத்தோடு சேர்ந்து எழுத்தும் சுருங்குகிறது, கோட்டின் தடிமனும் சுருங்குகிறது. மேட்பிளாட்லிப்பில் எதையும் மாற்றாமல் வரைந்தால் படம் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் இருக்கும். எழுத்து 10 பாயிண்ட். அதை, பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிக்கும் ஐஇஇஇ (மின்பொறியாளர் அமைப்பு) இதழ்களின் வார்ப்புருவில், ஒரு பத்திக்குள் வையுங்கள். அந்தப் பத்தியின் அகலம் 252 பாயிண்ட், அதாவது சுமார் 3.49 அங்குலம். படம் 0.545 மடங்காகிவிடும். 10 பாயிண்ட் எழுத்து ஐந்தரைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். பக்கத்திலேயே கட்டுரையின் எழுத்து 10 பாயிண்டில் ஓடிக்கொண்டிருக்க, படத்தைப் படிக்க மட்டும் தாளைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அதனால் வழி ஒன்றுதான். அச்சில் எவ்வளவு அகலத்தில் வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த அகலத்திலேயே வரையுங்கள். உள்ளே வைக்கும்போது சுருக்கவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அப்போதுதான் 8 பாயிண்ட் என்று நீங்கள் எழுதியது தாளிலும் 8 பாயிண்டாக வரும்.

என் ஆவணத்தில் வரியின் அகலம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

லேடெக்கையே கேளுங்கள். படம் வரப்போகும் இடத்தில் ‘தி’ என்ற கட்டளையை எழுதி, அதை ஒட்டி ‘லைன்வித்’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் முன்னால் பின்சாய்கோடு வேண்டும். ஆவணத்தை ஓட்டினால் அந்த இடத்தில் 345.0 பாயிண்ட் என்பதுபோல ஓர் எண் அச்சாகும். அதைக் குறித்துக்கொண்டு வரியை அழித்துவிடுங்கள்.

ஆர்ட்டிகிள் வகுப்பில், லெட்டர் தாளில், எதையும் மாற்றாவிட்டால் 10 பாயிண்ட் ஆவணத்துக்கு 345, 11-க்கு 360, 12-க்கு 390 பாயிண்ட் வரும். ஜியாமெட்ரி தொகுப்பால் ஓரங்களை மாற்றியிருந்தால் இந்த எண்களை நம்ப வேண்டாம், கேட்டுவிடுங்கள். வேர்டில் எழுதுபவர்கள் தாளின் அகலத்திலிருந்து இரண்டு ஓரங்களையும் கழித்தால் போதும். ஏ4 தாள் 210 மி.மீ., இரு பக்கமும் 25.4 மி.மீ. ஓரம் என்றால் மிச்சம் 159.2 மி.மீ.

டெக்ஸ்ட்வித், காலம்வித், லைன்வித் என்று மூன்று இருக்கிறதே, எதைப் பார்ப்பது?

டெக்ஸ்ட்வித் பக்கத்தில் எழுத்து நிற்கும் பரப்பின் முழு அகலம். காலம்வித் ஒரு பத்தியின் அகலம். ஒரே பத்தி ஆவணத்தில் இரண்டும் ஒன்றுதான். லைன்வித் அந்த இடத்தில் வரி எவ்வளவு நீளமோ அது. மினிபேஜ் என்ற சிறு பெட்டிக்குள் மூன்றுமே குறையும், பட்டியலுக்குள் போனால் இது மட்டும் குறையும். முந்தைய பதிலில் லைன்வித்தைக் கேட்கச் சொன்னது அதனால்தான்.

345 பாயிண்டை 72-ஆல் வகுத்து அங்குலமாக்கினேன். படம் துளியூண்டு ஓரத்தைத் தாண்டுகிறது. ஏன்?

இரண்டு பாயிண்ட் இருக்கின்றன. லேடெக்கின் அடித்தளமான டெக்கின் பாயிண்டில் ஓர் அங்குலத்துக்கு 72.27. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப், மேட்பிளாட்லிப் எல்லாம் ஓர் அங்குலத்துக்கு 72 என்று கணக்கிடும் பாயிண்டைப் பயன்படுத்துகின்றன. டெக் அந்த இரண்டாவதைப் ‘பிக் பாயிண்ட்’ என்று தனியாகப் பெயர் வைத்து அழைக்கிறது.

லேடெக் சொன்ன எண்ணை 72.27-ஆல்தான் வகுக்க வேண்டும். 345-ஐ வகுத்தால் 4.774 அங்குலம். 72-ஆல் வகுத்தால் 4.792 வரும். வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லேடெக்குக்குத் தெரியும். படம் 1.29 பாயிண்ட் அகலம் கூடுதல் என்று ‘ஓவர்ஃபுல் ஹெச்பாக்ஸ்’ எச்சரிக்கை கொடுக்கும். எழுத்தின் அளவுக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல. 9 பாயிண்ட் 9.03 ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை.

மேட்பிளாட்லிப்பில் ஃபிக்சைஸ் (படத்தின் அளவு) சரியாகத்தான் கொடுத்தேன். வெளியே வந்த பிடிஎஃப் வேறு அளவில் இருக்கிறது. எங்கே தப்பு?

அனேகமாக, சேமிக்கும் வரியில் ‘பிபாக்ஸ் இன்ச்சஸ்’ என்பதற்கு ‘டைட்’ என்று கொடுத்திருப்பீர்கள். என்னிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் இதுதான் கோளாறு. யாரோ எழுதிய நிரலிலிருந்து அந்த வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ‘டைட்’ என்றால், வரைந்து முடித்தபின் மை இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சுற்றிலும் 0.1 அங்குலம் வெற்றிடம் சேர்த்துக் கொடு என்று பொருள். நீங்கள் சொன்ன அளவை அது மதிப்பதில்லை.

அதனால் வரும் கேடு மெதுவாகத்தான் தெரியும். மூன்று படங்களுக்கும் 3.487 அங்குலம் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். ஒன்றில் ஒய் அச்சின் எண்கள் சிறியவை, வெட்டியபின் 3.30 ஆகிறது. இன்னொன்றில் அச்சின் பெயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, 3.58 ஆகிறது. பிறகு மூன்றையும் காலம்வித்துக்கு நீட்டச் சொல்கிறீர்கள். முதல் படத்தில் 8 பாயிண்ட் எழுத்து 8.45 ஆகிறது, இரண்டாவதில் 7.79. மூன்று படங்களும் மூன்று எழுத்தளவு. எதுவும் பெரிய தப்பாகத் தெரியாது, ஆனால் பக்கத்தைப் புரட்டும்போது ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

அந்த வரியை எடுத்துவிட்டு, படத்தை உருவாக்கும்போதே ‘லேஅவுட்’ என்பதற்குக் ‘கன்ஸ்ட்ரெயிண்ட்’ என்று கொடுங்கள். இது தாளின் அளவைத் தொடாமல், உள்ளே இருக்கும் பெட்டியைச் சுருக்கி அச்சுப் பெயர்களுக்கு இடம் விடும். வெட்டுவதால் கிடைத்த அதே சுத்தம் இதிலும் கிடைக்கும், அளவும் மாறாது.

படம் சொன்ன அளவில்தான் வந்திருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

‘பிடிஎஃப்இன்ஃபோ’ என்ற சிறு கருவியை அந்தக் கோப்பின் மேல் ஓட்டுங்கள். பக்க அளவு என்று ஒரு வரி வரும். அது 72 கணக்குப் பாயிண்டில் இருக்கும். 252 டெக் பாயிண்ட் பத்திக்கு வரைந்த படம் அங்கே 251.06 என்று காட்ட வேண்டும். 252 என்றே காட்டினால் முன்பு சொன்ன 72-ஆல் வகுத்த தப்பு நடந்திருக்கிறது.

அப்புறம், லேடெக்கில் படத்தை வைக்கும்போது வித் (அகலம்) எதுவும் கொடுக்காமல், வெறும் இன்க்ளூட்கிராஃபிக்ஸோடு கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள். படம் தன் இயல்பான அளவில் உட்காரும். அகலம் தவறிப்போய்க் கூடியிருந்தால் எச்சரிக்கை வந்துவிடும். வித் கொடுத்தால் எந்தத் தவறையும் லேடெக் சத்தமில்லாமல் நீட்டியோ சுருக்கியோ மறைத்துவிடும்.

கடைசியில் ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்து, ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். அச்சுப்பொறியில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கிவிட்டு, நூறு சதவீதத்தில் எடுக்க வேண்டும்.

படத்துக்குள் எழுத்து எத்தனை பாயிண்ட் இருக்கலாம்?

படத்தின் கீழே வரும் குறிப்பு எந்த அளவோ அந்த அளவு, அல்லது அதைவிட ஒரு பாயிண்ட் குறைவு. 10 பாயிண்ட் ஆவணத்தில் ‘ஸ்மால்’ என்பது 9, ‘ஃபுட்நோட்சைஸ்’ என்பது 8. அச்சுப் பெயருக்கு 9, அளவு எண்களுக்கும் லெஜண்டுக்கும் (எந்தக் கோடு எது என்று சொல்லும் பட்டியல்) 8 என்று வைத்தால் பக்கத்தோடு நன்றாக ஒட்டும். 6-க்குக் கீழே எதுவும் போகக் கூடாது. அடுக்குக்குறிக்கு எழுத்து இன்னும் சிறியதாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடம் போதவில்லை என்று எழுத்தைக் குறைக்கத் தோன்றினால், முதலில் படத்தில் இருப்பதைக் குறையுங்கள். பத்து அளவு எண்களுக்குப் பதில் ஐந்து போதும். லெஜண்டில் முழு வாக்கியம் வேண்டாம். தலைப்பைப் படத்துக்குள் எழுதவே வேண்டாம், கீழே குறிப்பு இருக்கிறது.

300 டிபிஐயில் சேமித்தேன். ஆனாலும் எழுத்து பொடியாகத்தான் இருக்கிறது?

டிபிஐ எழுத்தின் அளவைத் தொடாது. ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. 3.5 அங்குலப் படம் 300 டிபிஐயில் 1050 பிக்சல், 600-இல் 2100 பிக்சல். இரண்டிலும் 8 பாயிண்ட் எழுத்து 8 பாயிண்ட்தான், இரண்டாவது இன்னும் கூர்மையாக இருக்கும். எழுத்து பொடியாக இருப்பதற்குக் காரணம் முதல் பதிலில் சொன்ன சுருக்கம்தான்.

கோட்டுப் படங்களுக்கு டிபிஐ பற்றிய கவலையே தேவையில்லை. பிடிஎஃப்பாகச் சேமித்தால் அது வெக்டர், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பிஎன்ஜி என்பது புகைப்படத்துக்கும் திரைப்பிடிப்புக்கும் உரியது.

என் பிஎன்ஜி படம் பக்கத்தையே தாண்டிப் பூதாகரமாக வருகிறது. 3.5 அங்குலத்துக்குத்தானே வரைந்தேன்?

கோப்புக்குள் டிபிஐ விவரம் பதிவாகவில்லை. அந்த விவரம் இல்லாவிட்டால், லேடெக் ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கும் பிடிஎஃப்டெக் அதை 72 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும். 1050 பிக்சலை 72-ஆல் வகுத்தால் 14.6 அங்குலம். சில படத்திருத்திகளில் திறந்து மறுபடி சேமிக்கும்போது இந்த விவரம் காணாமல் போகும். பிஎன்ஜி வைத்தே ஆக வேண்டும் என்றால், இங்கே மட்டும் வித் கொடுத்துவிடுங்கள்.

நான் ஆர் பயன்படுத்துகிறேன். அதில் படம் வரையும் ஜிஜிபிளாட்டில் இதே வேலையை எப்படிச் செய்வது?

ஜிஜிசேவ் கட்டளையில் அகலம், உயரம், அலகு மூன்றையும் எப்போதும் எழுதுங்கள். எழுதாவிட்டால் அப்போது திரையில் படச் சாளரம் எந்த அளவில் திறந்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். நேற்று வந்த படமும் இன்று வந்த படமும் வேறாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தீமின் ‘பேஸ் சைஸ்’ இயல்பாக 11. அச்சுப் பெயர்கள் அந்த அளவில் வரும், அளவு எண்கள் அதில் 0.8 மடங்கு, அதாவது 8.8. பேஸ் சைஸை 9 ஆக்கினால் அளவு எண்கள் 7.2 ஆகும், அது போதும்.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் ‘ஜியோம் டெக்ஸ்ட்’. படத்துக்குள் நீங்களாக எழுதும் அந்த எழுத்துக்கு அளவு பாயிண்டில் இல்லை, மில்லிமீட்டரில். அங்கே 8 என்று கொடுத்தால் 8 மி.மீ., கிட்டத்தட்ட 23 பாயிண்ட். வேண்டிய பாயிண்டை 2.845-ஆல் வகுத்துக் கொடுங்கள், 72.27-ஐ 25.4-ஆல் வகுத்தால் வரும் எண் அது. ஜிஜிபிளாட்டிலேயே ‘டாட் பிடி’ என்ற பெயரில் அது தயாராக இருக்கிறது.

ஆர் நிரலையும் உரையையும் ஒரே கோப்பில் வைக்கும் நிட்டரில் எழுதுபவர்கள் ‘ஃபிக் வித்’ வரையும் அளவு, ‘அவுட் வித்’ அச்சில் வரும் அளவு என்று நினைவில் வையுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும்.

க்னூபிளாட்டிலும் பிஜிஎஃப்பிளாட்ஸிலும்?

க்னூபிளாட்டில் ‘பிடிஎஃப்கெய்ரோ’ டெர்மினலை, அதாவது வெளியீட்டு வகையை, தேர்ந்தெடுக்கும்போதே அளவைச் செ.மீ.யில் கொடுத்துவிடலாம். கொடுக்காவிட்டால் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம். ‘கெய்ரோலேடெக்’ டெர்மினல் இன்னும் நல்லது. கோடுகளை அது வரைந்து, எழுத்துகளை லேடெக்கிடம் விட்டுவிடும். ஆவணத்தின் எழுத்துருவே படத்துக்குள்ளும் வரும்.

பிஜிஎஃப்பிளாட்ஸ் லேடெக்குக்குள்ளேயே வரைகிறது, அதனால் சுருக்கம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதில் வித் என்பது தோராயம். அச்சுப் பெயர்களுக்கு 45 பாயிண்ட் போகும் என்று ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டுதான் பெட்டியை வரைகிறது. உங்கள் எண்கள் நீளமாக இருந்தால் மொத்த அகலம் கூடிவிடும். ‘ஸ்கேல் ஒன்லி ஆக்சிஸ்’ என்று கொடுத்தால், நீங்கள் சொல்லும் அகலம் பெட்டிக்கு மட்டும் என்று ஆகிவிடும். பிறகு வெளியே போகும் எழுத்துக்கு நீங்களே இடம் விடலாம்.

உயரத்துக்கு ஏதாவது விதி உண்டா?

அகலத்தை ஆவணம் தீர்மானிக்கிறது, உயரத்தைத் தரவு தீர்மானிக்கட்டும். ஒன்றும் தோன்றாவிட்டால் அகலத்தை 1.6-ஆல் வகுத்துத் தொடங்குங்கள். நீண்ட காலத் தொடர் என்றால் இன்னும் தட்டையாக இருக்கலாம்.

ஓர் எல்லை மட்டும் உண்டு. லேடெக்கின் இயல்பான அமைப்பில், பக்கத்தின் மேலே வரும் படங்கள் எழுத்துப் பரப்பின் உயரத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பரப்பு 550 பாயிண்ட் என்றால் படமும் அதன் குறிப்பும் சேர்ந்து 385. தாண்டினால் அந்தப் படம் தனிப் பக்கத்துக்குப் போகும், அதன் பின்னால் வரும் படங்களும் வரிசையில் காத்துக்கிடக்கும். “என் படமெல்லாம் கடைசிக்கு ஓடிவிட்டது” என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது?

ஒவ்வொன்றுக்கும் 0.48 டெக்ஸ்ட்வித் என்று வைத்து, அந்த அகலத்துக்கே தனித்தனியாக வரையுங்கள். 345 பாயிண்ட் ஆவணத்தில் அது 2.29 அங்குலம். முழு அகலத்துக்கு வரைந்த படத்தை இங்கே பாதியாகச் சுருக்கிப் போடாதீர்கள்.

ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்த இரண்டு படங்களும் ஒரே அகலம்தான். ஆனால் இடது பக்கத்து அச்சுக்கோடுகள் நேராக நிற்கவில்லையே?

தாளின் அகலம் ஒன்று, பெட்டியின் அகலம் வேறு. மேல் படத்தில் ஒய் அச்சில் 0.2 என்றும் கீழ்ப் படத்தில் 10000 என்றும் எழுதியிருக்கும். நீளமான எண் கூடுதல் இடம் பிடிப்பதால் கீழ்ப் பெட்டி வலப்பக்கம் தள்ளப்படுகிறது. முன்பு பரிந்துரைத்த கன்ஸ்ட்ரெயிண்ட் அமைப்பே இங்கே எதிராக வேலை செய்கிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு படத்தையும் தனியாகக் கணக்கிடுகிறது.

இரண்டையும் ஒரே படமாக, இரண்டு அடுக்காக வரைவதுதான் நல்ல தீர்வு. தனித்தனிக் கோப்பாகத்தான் வேண்டும் என்றால் கன்ஸ்ட்ரெயிண்டை விட்டுவிட்டு, ‘சப்பிளாட்ஸ் அட்ஜஸ்ட்’ மூலம் இரண்டிலும் இடது எல்லை 0.16, வலது எல்லை 0.97 என்று ஒரே எண்களைக் கொடுங்கள். நீளமான எண் உள்ள படத்தைப் பார்த்து அந்த 0.16-ஐ முடிவு செய்ய வேண்டும்.

நிலப்படம் வரைந்தேன். அளவு சரிதான், ஆனால் இரு பக்கமும் வெற்றிடம் நிற்கிறது?

இரண்டு அச்சுக்கும் ஒரே விகிதம் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறீர்கள். அதுதான் முறையும்கூட. அப்போது பெட்டியின் வடிவத்தைத் தரவு தீர்மானிக்கும், மிஞ்சிய இடம் வெறுமையாக நிற்கும். அதை வெட்டாமல், உயரத்தை மாற்றிப் பொருத்துங்கள்.

லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. பிடிஎஃப் திறக்கவே நேரமாகிறது. பிஎன்ஜிக்கு மாறலாமா?

முழுப் படத்தையும் மாற்ற வேண்டாம். மேட்பிளாட்லிப்பில் அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் ‘ராஸ்டரைஸ்டு’ என்று கொடுத்து, சேமிக்கும்போது 300 அல்லது 600 டிபிஐ சொல்லுங்கள். புள்ளிகள் பிக்சலாகும், எழுத்தும் அச்சுக்கோடும் வெக்டராகவே இருக்கும். அளவு அப்படியே நிற்கும்.

படத்துக்குள் தமிழில் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது. இதுவும் அளவுப் பிரச்சினையா?

இல்லை. நான் பயன்படுத்திய மேட்பிளாட்லிப் பதிப்புகள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடுகின்றன, தமிழுக்குத் தேவையான எழுத்துக்கோப்பைச் செய்வதில்லை. எழுத்துகளை லேடெக்கிடம் விடும் ‘பிஜிஎஃப்’ பின்தளத்துக்கு மாறினால், டெக்கின் இன்னொரு வடிவமான ஸீடெக் அந்த வேலையைச் செய்து கொடுக்கும். க்னூபிளாட்டின் பிடிஎஃப்கெய்ரோவிலும் தமிழ் சரியாக வரும்.

அளவுக்கும் ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துகளும் அகலமானவை. ‘வெப்பநிலை’ என்று எழுத வேண்டிய இடத்தை முன்கூட்டியே விட்டுவையுங்கள். 7 பாயிண்டில் ‘ணை’, ‘னை’ இரண்டையும் பிரித்தறிவது கடினம். தமிழுக்கு 8-க்குக் கீழே போக வேண்டாம்.

கட்டுரைக்கு வரைந்த படத்தையே பீமரில் சிலைடுக்கும் பயன்படுத்தலாமா?

மறுபடி வரையுங்கள். பீமரின் இயல்பான பக்கம் 128 மி.மீ.க்கு 96 மி.மீ. மட்டும்தான். எழுத்துப் பரப்பு 108 மி.மீ., அதாவது 4.25 அங்குலம். எழுத்து 11 பாயிண்ட். அந்த அளவுக்கு, 9 அல்லது 10 பாயிண்ட் எழுத்தோடு, தடித்த கோடுகளோடு இன்னொரு கோப்பு எடுங்கள். ஸ்கிரிப்டில் இரண்டு எண்களை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

எல்லாம் வரைந்து முடித்தபின் ஓரத்தின் அளவை மாற்றச் சொல்கிறார்கள். நாற்பது படங்களையும் மறுபடி வரைய வேண்டுமா?

எவ்வளவு மாற்றம் என்று பாருங்கள். இரண்டு, மூன்று சதவீதம்தான் என்றால் சுருக்கிவிடலாம். 8 பாயிண்ட் 7.8 ஆவதை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் எல்லாப் படங்களையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் மறுபடி வரைவதுதான் சரி.

அந்த நாள் வரும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குவது நல்லது. எனக்கு ஒருமுறை வார்ப்புரு மாறி, ஒரு பத்தி ஆவணம் இரண்டு பத்தியானது. ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்குள்ளும் அகலத்தைக் கையால் எழுதிவைத்திருந்தேன். மாற்றி முடிக்க மூன்று நாளானது, அதிலும் இரண்டு படங்களை விட்டுவிட்டேன். அதன் பிறகு அகலம், எழுத்தளவு, கோட்டின் தடிமன் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து, எல்லா ஸ்கிரிப்டும் அதைப் படிக்கும்படி செய்துவிட்டேன். அகலத்தை நான் எழுதுவதுகூட இல்லை. ஆவணம் ஓடும்போதே ‘டைப்அவுட்’ கட்டளை மூலம் லைன்வித் லாக் கோப்பில் பதிவாகிறது. அங்கிருந்து எண்ணை எடுத்து, 72.27-ஆல் வகுத்து, அந்தக் கோப்பில் போட நாலு வரி நிரல் போதும். ஓரம் மாறினால் ஆவணத்தை ஒரு முறை ஓட்டிவிட்டு, படங்களை ஓட்டி, மறுபடி ஆவணத்தை ஓட்டுகிறேன்.